மாத்திரை ஆரம்பித்ததும் பிள்ளைக்கு ஒன்னுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகிறதா? தேவகோட்டைத் தாய்க்கு ஒரு விரிவான பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பையனுக்கு 9 வயது. பல வாரமாக ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்ததால் மதுரைக்குக் கூட்டிப்போய், கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்தோலில் புண் என்று சொல்லி, சல்பாசலசின் 500 மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒன்னுக்கு நல்ல ஆரஞ்சு நிறத்தில் போகிறது. பையனின் அப்பத்தா, "காமாலை வந்திருச்சு, அந்த மாத்திரையை நிறுத்து, கீழாநெல்லி அரைச்சு மோர்ல கொடு" என்கிறார். டாக்டர் போனை எடுக்கவில்லை. இன்று ராத்திரி மாத்திரையைக் கொடுக்கவா, வேண்டாமா? இதுதான் கேள்வி. ஜட்டியில் படுகிற கறையைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

முதலில் ராத்திரிக்கான பதில். பையன் எப்போதும்போல விளையாடுகிறான், சாப்பிடுகிறான், காய்ச்சல் இல்லை, உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ இல்லை, கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது என்றால் மாத்திரையைக் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. காலையில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதில் ஏதாவது ஒன்று மாறியிருந்தால் அடுத்த வேளை கொடுக்கும் முன்பே டாக்டரையோ, அவர் கிடைக்காவிட்டால் பக்கத்து மருத்துவமனையின் டூட்டி டாக்டரையோ கேட்டுவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு அப்பத்தாவிடம் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

நான் மருந்தாளுநர். மதுரையில் ஒரு மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது காரைக்குடியில் மருந்துக் கடையில் நிற்கிறேன். சல்பாசலசின் சீட்டோடு வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் நிறத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று தெரியும்: ஒரு வாரத்துக்குள் வீட்டில் யாராவது பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதை டாக்டரிடம் சொல்லவும் தயங்குவார்கள், அப்புறம் ஒரு மாதம் கழித்துப் பிள்ளை மறுபடி ரத்தமாகப் போய்க்கொண்டு வந்து நிற்கும்.

நிறம் எங்கிருந்து வருகிறது? மாத்திரையே அந்த நிறம்தான். ஒரு மாத்திரையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள் (பூச்சு போட்ட மாத்திரை என்றால் சுரண்டியதைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்), உள்ளே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தூள் இருக்கும். இரண்டு மருந்துகளை ஒரு வேதிப் பிணைப்பால் ஒட்டிச் செய்ததுதான் சல்பாசலசின். அசோ பிணைப்பு என்பார்கள், துணிக்குப் போடுகிற சாயங்களில் பலவற்றுக்கும் நிறம் தருவது அதே பிணைப்புதான். வாய்வழியே போன மாத்திரையில் பெரும்பகுதி அப்படியே பெருங்குடல் வரை போகும். அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்டும். ஒரு துண்டு, மெசலமின் எனப்படும் 5-ஏஎஸ்ஏ, பெரும்பாலும் குடலிலேயே தங்கிப் புண்ணின் மேல் வேலை செய்யும். இன்னொரு துண்டு, சல்பாபிரிடின், ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாகப் போய், கடைசியில் சிறுநீரில் வெளியேறும். வெட்டுப்படாத மாத்திரையிலும் கொஞ்சம் ரத்தத்துக்குப் போய் சிறுநீரில் வரும். ஆக, நீங்கள் பார்க்கிற ஆரஞ்சு நிறம் பையன் விழுங்கிய மருந்தின் நிறம். ஈரல் கெட்டுப்போய் உண்டான நிறம் அது இல்லை.

இந்த மருந்து நேற்று வந்ததும் இல்லை. 1930களின் கடைசியில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாத நோயாளிகளுக்காக உருவாக்க வைத்தது. அவர்களில் குடல் புண்ணும் இருந்தவர்களுக்குக் குடலும் சேர்ந்து தேறியதைக் கவனித்தார். எந்தத் துண்டு குடலில் வேலை செய்கிறது என்பதே 1977ல்தான் தெளிவானது. ஆக்ஸ்போர்டில் ஆசாத் கான், ட்ரூலவ் குழுவினர் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக எனிமாவாக (ஆசனவாய் வழியாகச் செலுத்துகிற திரவமாக) கொடுத்துப் பார்த்து, வேலை செய்வது 5-ஏஎஸ்ஏதான் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மெசாகால், பென்டாசா மாதிரி, சல்பா (அதாவது அந்த சல்பாபிரிடின் துண்டு) இல்லாத மெசலமின் மாத்திரைகள் வந்தன. அப்படியென்றால் உங்கள் பையனுக்கு ஏன் பழைய மருந்து என்று கேட்பீர்கள். விலை குறைவு, பல வருடம் சாப்பிட வேண்டிய நோய் என்பதால் அது பெரிய விஷயம். மூட்டு வலியும் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு டாக்டர்கள் இதைத்தான் விரும்பி எழுதுவார்கள்.

நிறம் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது, இதற்கும் பயப்பட வேண்டாம். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் அடர்த்தியாக, சில சமயம் செம்மஞ்சளாகவே இருக்கும். தண்ணீர் நிறையக் குடித்த மதியத்தில் வெளிறிய மஞ்சளாகிவிடும். குழந்தைகளுக்கு எடைக் கணக்கில், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 70 மில்லிகிராம் வரை பிரித்துக் கொடுப்பார்கள். முதலில் குறைவாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கம், கூட்டும்போது நிறமும் கூடும். சிறுநீர் காரத்தன்மையாக (அமிலத்தன்மைக்கு எதிர்) இருந்தால் ஆரஞ்சு இன்னும் தூக்கலாகத் தெரியும். ஒன்னுக்கு எரிகிறது என்றதும் நம் பக்கம் கடையில் வாங்கிக் கொடுப்பார்களே சிட்ரால்கா மாதிரி சிரப், அது சிறுநீரைக் காரமாக்கும், அதைக் கொடுத்த அன்று நிறம் திடீரென்று ஏறியதைப் பார்த்துப் பயந்து வந்தவர்கள் உண்டு. (அந்த சிரப்பையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.) வியர்வை, கண்ணீர், தோலிலும் லேசாக அந்தச் சாயை வரலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பெரிய பிள்ளைகள் என்றால் மென்மையான லென்ஸில் கறை ஏறிவிடும், மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது.

இப்போது அப்பத்தா சொன்னதற்கு வருகிறேன். அவர் பயந்ததில் தவறே இல்லை. மஞ்சளாக ஒன்னுக்குப் போனால் முதலில் ஈரலை நினைக்க வேண்டும் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்கிற பேச்சு. இந்த நோய் உள்ள பிள்ளைகளில் ஈரலைக் கவனிக்க வேண்டியது நிஜமாகவே அவசியம். அதனால் "அதெல்லாம் ஒன்னுமில்லை ஆத்தா" என்று வாயை அடைக்காமல், அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக் காலையில் பாருங்கள்.

பழைய வீடு என்றால் உள்ளே வெளிச்சம் போதாது, பல்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். பையனை முற்றத்துக்கோ வாசலுக்கோ கூட்டி வாருங்கள். கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை விரலால் மெல்லத் தூக்கினால் கருவிழிக்கு மேலே மறைந்திருக்கிற வெள்ளை தெரியும். காமாலை என்றால் அங்கே மஞ்சள் பூசியிருக்கும். சல்பாசலசின் தோலில் லேசாகச் சாயை கொடுத்தாலும், கண்ணின் வெள்ளை மஞ்சளானால் அதை மருந்தின் நிறம் என்று தள்ளக் கூடாது, காமாலை என்றே வைத்துக்கொண்டு அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். அடுத்து சிறுநீர். லேபில் கொடுக்கிற மூடி போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பிடியுங்கள், எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது. பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். மருந்தின் நிறம் தெளிந்த மஞ்சள் ஆரஞ்சாக இருக்கும். பித்தம் கலந்தது பழுப்பேறி, கட்டி டீ டிகாக்‌ஷன் பக்கம் போகும். மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கினால் அதில் எழும் நுரையும் மஞ்சளாக இருக்கும். அப்புறம் மலம். சுண்ணாம்பு கலந்தது போல வெளிறி, சாம்பல் நிறமாகப் போகிறதா? பையன் காரணமில்லாமல் உடம்பெல்லாம் சொறிகிறானா, குறிப்பாக ராத்திரியில்? சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறதா, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதா? இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் அப்பத்தாவும் நிம்மதியாக இருக்கலாம்.

இருந்தால் ஏன் உடனே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள பிள்ளைகளில் சிலருக்குப் பித்தக் குழாய்களும் சேர்ந்து அழற்சியடையும், பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ் என்று பெயர். குடலும் ஈரலும் ஒரே சமயத்தில் கெட வேண்டும் என்பதில்லை, குடல் அமைதியாக இருக்கும்போதே இது உள்ளே நடக்கலாம். அதனால்தான் டாக்டர் எல்எஃப்டி, அதாவது ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை, எழுதும்போது ஜிஜிடி என்ற என்சைம் அளவையும் சேர்த்துப் பார்ப்பார். இரண்டாவது, சல்பா ஒத்துக்கொள்ளாத சில பிள்ளைகளுக்கு ஆரம்பித்த முதல் சில வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல், கூடவே ஈரல் பாதிப்பு என்று ஒரு மோசமான ஒவ்வாமை வரலாம். மூன்றாவது, தண்ணீரால் பரவுகிற சாதாரண மஞ்சள் காமாலை எந்தப் பிள்ளைக்கும் எப்போது வேண்டுமானாலும் வரும், மாத்திரை சாப்பிடுவதால் அது விலகிப் போகாது. லேபுக்குப் போகும்போது பையன் சல்பாசலசின் சாப்பிடுகிறான் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த மருந்து சில கருவிகளில் ஈரல் என்சைம் அளவைத் தப்பாகக் காட்டக்கூடும், யூரின் பட்டையில் நிறம் பார்த்துப் படிக்கிற சோதனையையும் ஆரஞ்சு நிறம் குழப்பலாம். சந்தேகம் என்றால் ரத்தத்தில் பிலிரூபின், அதாவது காமாலையில் ஏறுகிற பித்த நிறமி, பார்ப்பதுதான் தீர்ப்பு.

கீழாநெல்லியைப் பற்றி. அதை நான் குறைத்துப் பேசவில்லை, எங்கள் வீட்டிலும் அரைத்தவர்கள் உண்டு. ஆனால் இப்போது இந்தப் பையனுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணம் நடைமுறையானது. பச்சிலை, மாத்திரை இரண்டும் ஒன்றாகப் போய், பத்து நாள் கழித்து ஈரல் கணக்கு ஏறியிருந்தால் எதனால் ஏறியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல மருந்தை வீணாகப் பழி சொல்லி நிறுத்த வேண்டி வரலாம். ஏற்கனவே ஒரு வேளை கொடுத்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள், அது போதும்.

சரி, ஆரஞ்சு பயமில்லை. எந்த நிறம் பயப்பட வேண்டியது? கோலா நிறம். கறுப்புக் காப்பி மாதிரி, கருஞ்சிவப்பாக, கூடவே பையன் வெளுத்துப்போய், படி ஏறினால் மூச்சு வாங்கி, முதுகு வலிக்கிறது என்று சொன்னால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று பொருள் வரலாம். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, சல்பா மருந்துகளால் இப்படி நேரலாம். தாய்வழியாக வருகிற குறை அது. உங்கள் பக்கத்தில் யாருக்காவது, அண்ணன் தம்பிக்கோ மாமன்மாருக்கோ, மாத்திரை சாப்பிட்டு ரத்தம் உடைந்தது, பிறந்ததும் கடுமையாக மஞ்சள் வந்தது என்று வரலாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து ஆரம்பிக்கும் முன்பே ரத்தத்தில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த நிறத்தைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த மாத்திரையைக் கொடுக்காமல் அப்போதே கிளம்ப வேண்டியதுதான்.

சிவப்பு என்று சொல்லி வருகிறவர்கள் இன்னொரு வகை. இங்கே முதலில் செய்ய வேண்டியது அது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது. புண் ஆறாத பிள்ளை ஒரே நேரத்தில் சிறுநீர், மலம் இரண்டும் போகும்போது மலத்தின் ரத்தம் கக்கூஸ் பீங்கானில் கலந்து சிறுநீரே சிவப்பாகப் போனதுபோலத் தெரியும். தனியாக டப்பாவில் பிடித்தால் மஞ்சளாகத்தான் இருக்கும். வயதுக்கு வந்த பெண் பிள்ளை என்றால் மாதவிலக்கையும் நினைவில் வையுங்கள். அப்புறம் பீட்ரூட். எல்லோருக்கும் பீட்ரூட் சாப்பிட்டு ஒன்னுக்கு சிவக்காது, ஆனால் இரும்புச்சத்து குறைவாக உள்ளவர்களுக்கு அதிகமாகச் சிவக்கும். மாதக்கணக்கில் ரத்தம் போன பிள்ளைக்கு இரும்புச்சத்து எங்கே இருக்கும்? ரத்தம் ஊறும் என்று வீட்டில் தினம் பீட்ரூட் பொரியலும் ஜூஸும் கொடுப்பார்கள், மறுநாள் சிவப்பாகப் போனதும் அலறுவார்கள். உள்ளே சிவப்பாக இருக்கிற டிராகன் பழமும் இதே வேலையைச் செய்யும். இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள், நிறம் போய்விட்டால் விஷயம் முடிந்தது. போகவில்லை என்றால், அல்லது வலி, எரிச்சல், காய்ச்சல் இருந்தால் யூரின் டெஸ்ட் எடுத்து மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நோயிலும் இந்த மருந்துகளிலும் சிறுநீரகக் கல் வரக்கூடும்.

உங்கள் பையனுக்கு நாளைக்கே மெசலமினுக்கு மாற்றலாம், அதனால் அதைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மெசலமின் சிறுநீரை ஆரஞ்சாக்காது. ஆனால் ஒரு விநோதம் உண்டு. கக்கூஸில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தால், அதில் உள்ள ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்து சிறுநீர் செம்பழுப்பாக மாறும். பிள்ளை போகும்போது சாதாரணமாக இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தாய் போய்ப் பார்த்தால் ரத்தம் மாதிரி கிடக்கும். டப்பாவில் பிடித்தது மஞ்சள், பீங்கானில் கிடப்பது பழுப்பு என்றால் காரணம் பிளீச்சிங் பவுடர்தான். விசேஷத்துக்கு முன்னால் வீட்டையே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற நம் ஊரில் இது நன்றாகவே நடக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது மருந்தைப் பற்றியது இல்லை என்றாலும்: கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

கூடச் சாப்பிடுகிற மற்ற மருந்துகளும் நிறத்தைக் கலைக்கும். பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தால் அதில் உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினால் பளிச்சென்று ஒளிர்கிற மஞ்சளாகப் போகும், அதுவும் சல்பாசலசினும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து சிலருக்குச் சிறுநீரைக் கருஞ்செம்பழுப்பாக்கும், மருந்து முடிந்ததும் போய்விடும். இரும்பு சிரப் மலத்தைக் கறுப்பாக்கும், அதை உள்ளே ரத்தம் கசிகிறது என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள், ஆனால் தார் மாதிரி பிசுபிசுத்து நாறினால் அது வேறு விஷயம், காட்டுங்கள். நோய் கட்டுப்படாமல் இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி, எதிர்ப்பாற்றலை அடக்குகிற ஊசிக்குப் போகும் முன் நம் நாட்டில் டிபி இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். மறைந்திருக்கிற டிபி என்று தெரிந்து ரிஃபாம்பிசின் கொடுத்தால் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாமே செம்மஞ்சளாகும், அதுவும் மருந்தின் நிறம்தான். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நிறத்தை மாற்றாது, ஆனால் பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டு அடிக்கடி வெள்ளையாக ஒன்னுக்குப் போனால் சர்க்கரை ஏறியிருக்கலாம், பார்த்துவிட வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்குகிற அசத்தியோப்ரின் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்குச் சிறுநீர் கருத்தால் அதற்கு "மருந்து நிறம்" என்ற சாக்கே கிடையாது, ஈரலைப் பார்க்க வேண்டும். ஆக, ஒரு மருந்துக்குச் சரியான பதில் இன்னொன்றுக்குத் தவறாகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித்தான் போனது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அந்தப் பிள்ளை என்ன மாத்திரை சாப்பிட்டது என்று கேளுங்கள்.

இதெல்லாவற்றையும் விட நான் அதிகம் பார்க்கிற காரணம் சாதாரணமானது: தண்ணீர் போதாமை. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இளகலாகப் போகிற பிள்ளை, சித்திரை வெயில், பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை இருக்கிறது. சிறுநீர் கெட்டியாகிக் கருமஞ்சளாகத்தான் போகும், சல்பாசலசினும் சேர்ந்தால் செம்பட்டையாகவே தெரியும். இந்த மருந்துக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் படிகம் படிந்து கல்லாகும் ஆபத்தும் உண்டு. தண்ணீர், மோர், இளநீர், வயிறு மோசமாக இருக்கிற நாளில் ஓஆர்எஸ் என்று பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். எட்டு மணி நேரமாக ஒன்னுக்கே போகவில்லை, நாக்கு வறண்டு, கண் உள்வாங்கி, சோர்ந்து படுத்திருக்கிறான் என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய நிலை இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது ஒன்று உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். நிறம் மாறினால் குடும்பமே விழித்துக்கொள்கிறது, நிறம் மாறாவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். மெசலமின், சல்பாசலசின் இரண்டாலும் அபூர்வமாகச் சிறுநீரகத்தில் ஒரு அழற்சி வரலாம். அது பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும், சிறுநீர் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருக்கும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவு மட்டும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். முன்னதாகக் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பலருக்குத் தேறிவிடும், தாமதமானால் நிலைத்துவிடலாம். வெள்ளணுக்கள் குறைவதும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது. சல்பாசலசினுக்கு மருந்துக் குறிப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அடுத்த மூன்று மாதம் மாதம் ஒரு தடவை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிபிசியும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எல்எஃப்டியும். இடையிடையே கிரியாட்டினினும் யூரின் ரொட்டீனும். உங்கள் டாக்டர் இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம், அவர் சொன்ன தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இதற்காக ஒவ்வொரு தடவையும் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ ரத்தம் கொடுத்து ரிசல்ட்டை டாக்டருக்கு அனுப்பினால் போதும்.

ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். சல்பாசலசின் உணவில் இருக்கிற ஃபோலிக் ஆசிடை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும், வளர்கிற பிள்ளைக்கு அது வேண்டும். எழுதவில்லை என்றால் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மாத்திரை பட்டையில் இசி (EC) அல்லது டிஆர் (DR) என்ற எழுத்துகள் இருந்தால் அது குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்டது, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, பையனால் விழுங்க முடியவில்லை என்றால் கடைக்காரரிடம் மாற்று வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நிறுத்திப் பார்த்தால் என்ன என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். நிறம் சில நாளில் போய்விடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இந்த நோய் பெரியவர்களை விடப் பரவலாக, பெரும்பாலும் பெருங்குடல் முழுக்கவே வருகிறது. தினசரி மருந்தை விட்டால் மறுபடி வெடிக்கும் வாய்ப்பு அதிகம், வெடித்தால் ஸ்டீராய்டு, அதன் கூடவே முகம் வீங்குவது, உயரம் தடைப்படுவது, எலும்பு பலவீனம் என்று வரிசையாக வரும். ஆரஞ்சு நிறத்துக்குப் பயந்து அந்தப் பாதையில் போக வேண்டாம்.

ராத்திரியே கிளம்ப வேண்டிய நிலைகளை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்: கோலா நிறச் சிறுநீரோடு வெளுப்பு அல்லது மூச்சு வாங்கல், கண் மஞ்சளோடு வாந்தி அல்லது மயக்கக் கலக்கம், தோலில் கொப்புளமும் வாயில் புண்ணும், முகம் வீங்குதல், காய்ச்சலோடு தொண்டை வலி (வெள்ளணு குறைந்திருக்கலாம்), எட்டு மணி நேரமாக ஒன்னுக்கு இல்லாமை, ரத்தமாக விடாமல் போவது, வயிறு உப்பி இறுகுவது. இவற்றில் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது காரைக்குடி, சிவகங்கை அரசு மருத்துவமனை எது பக்கமோ அங்கே போங்கள், கையில் எல்லா மருந்துப் பட்டைகளையும் எடுத்துக்கொண்டு. மதுரை டாக்டருக்கு அங்கிருந்தே பேசிக்கொள்ளலாம். பயமில்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி சந்தேகங்களுக்கு 104 சுகாதார உதவி எண் இருக்கிறது.

பையனிடம் நேரடியாகப் பேசுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும். மருந்தின் நிறம்தான் ஒன்னுக்கில் வருகிறது, நீ ஏதும் தப்புச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால், நிறம் மாறினால் மறைக்காமல் உங்களிடமே வந்து சொல்வான். பள்ளியில் பக்கத்தில் நிற்கிற பையன்கள் பார்த்துக் கேலி செய்ததால் மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்த பிள்ளையை எனக்குத் தெரியும். வகுப்பு டீச்சரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: இந்தப் பிள்ளை கேட்டவுடன் கக்கூஸுக்கு அனுப்ப வேண்டும், தண்ணீர் பாட்டில் மேசையில் இருக்க வேண்டும், சிறுநீர் ஆரஞ்சாக இருப்பது மருந்தால். முடிந்தால் கதவு உள்ள கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்குங்கள்.

கறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெள்ளை ஜட்டியில் பட்ட ஆரஞ்சை உடனே பச்சைத் தண்ணீரில் அலசி சோப்புப் போட்டால் பெரும்பாலும் போய்விடும், காய்ந்துவிட்டால் கொஞ்சம் தங்கும், அடர்ந்த நிறத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பின்னாளில் மெசலமின் எனிமாவோ, ஆசனவாய் வழியாக வைக்கிற மாத்திரையோ எழுதினால் அந்தக் கறை வேறு மாதிரி, காற்றுப் பட்டதும் பழுப்பாகித் துணி, சாயம் பூசிய பரப்பு, மார்பிள், கிரானைட் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் மார்பிளோ ஆத்தங்குடிக் கல்லோ பதித்த தரை என்றால் பிள்ளையைப் படுக்க வைக்கும் இடத்தில் ரப்பர் ஷீட்டும் அதன் மேல் ஒரு பழைய வேட்டியும் விரித்துவிட்டு, அப்புறம் மருந்தை வையுங்கள்.